பழைய ஜீப்பில் இருக்கையும் சீட் பெல்ட்டும்: தரைத்தகட்டில் தொடங்கிய வேலை

ஓட்டுநர் இருக்கையின் பின்பக்க போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பியபோது நட்டு கழலவில்லை. போல்ட்டைச் சுற்றியிருந்த தரைத்தகடுதான் வட்டமாகப் பெயர்ந்து வந்தது. அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, அதே தகட்டில், இடுப்பு பெல்ட்டின் போல்ட் இருந்தது. முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ மாட்டியது. அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வாஷர், அவ்வளவுதான். அந்த பெல்ட்டைப் போட்டுக்கொண்டுதான் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

வண்டி 1969ஆம் ஆண்டு மகிந்திரா சி.ஜே. 3பி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். பின்னாளில் டீசல் இன்ஜின் ஏற்றப்பட்டது. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போய்வர இதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரியாது. ஆனால் இது வடிவமைக்கப்பட்ட காலத்தில் சீட் பெல்ட் என்ற எண்ணமே வண்டிக்குள் வரவில்லை. பெல்ட்டின் விசையைத் தாங்குவதற்கென்று உடற்தொட்டியில், அதாவது தரையும் சுவர்களும் சேர்ந்த தகட்டு உடலில், ஒரு இடமும் கிடையாது. பெல்ட் வாங்கி மாட்டுவது சுலபம். அது பிடித்துக்கொள்ளும் இடத்தை உண்டாக்குவதுதான் வேலை என்பதைப் பெயர்ந்து வந்த தகடு காட்டிக்கொடுத்தது.

ஐ.நா.வின் வாகன விதி 14, மூன்று முனை பெல்ட்டின் பிடிமானங்களைச் சோதிக்கும்போது மார்புப் பகுதிக்கும் இடுப்புப் பகுதிக்கும் தனித்தனியே 13.5 கிலோ நியூட்டன் விசை கொடுக்கச் சொல்கிறது. கிலோ கணக்கில் ஏறத்தாழ 1,375. ஒரு சிறிய காரையே அந்தப் பட்டையில் தொங்கவிடுவதற்குச் சமம். இதைப் படித்த பிறகு அந்த ஒரு ரூபாய் வாஷரைப் பார்க்கவே பதறியது.

முதலில் பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றினோம். வெல்டிங் முடியும்வரை அது கழன்றே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடும். அடுத்தது டீசல் டேங்க். எங்கள் வண்டியில் அது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. டீசலை வடித்துவிட்டு, டேங்கையே வெளியே எடுத்துப் பட்டறைக்கு வெளியே வைத்தோம். ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் பற்றவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்கக் கூடாது. காலியான டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி.

டேங்க் போன பிறகுதான் தரை முழுதாகத் தெரிந்தது. பெயின்டைச் சுரண்டி வெர்னியர் வைத்துப் பார்த்தேன். நல்ல இடத்தில் 1.2 மி.மீ., டேங்க் குழியின் ஓரத்தில் 0.7 மி.மீ. சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்றும் அரித்த தகடு மந்தமாகவும் ஒலிக்கும். மந்தமாக ஒலித்த இடங்களை எல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு, கிரைண்டரில் வெட்டி எடுத்து, 1.6 மி.மீ. சி.ஆர். தகடு (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) வைத்து அடைத்தோம். தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தொப்பி வடிவச் சட்டங்கள் இரண்டும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. வலப்பக்கச் சட்டத்தின் பின்முனையில் மட்டும் ஒரு முழ நீளம் புதிதாக மடித்துப் போட வேண்டியிருந்தது. இந்தச் சட்டங்கள் இல்லாவிட்டால் மேற்கொண்டு செய்த எதுவுமே நடந்திருக்காது. தரைத்தகடு வெறும் தோல், எலும்பு இவைதான்.

இருக்கைகளுக்காகப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். கியர் பெட்டியின் மேட்டுக்கும் வெளிப்பக்கச் சுவருக்கும் நடுவே எங்களுக்குக் கிடைப்பது 51 செ.மீ. நீளவாக்கில் பின்சக்கர மேடு தடுக்கிறது. அகலமான இருக்கை எதுவும் நுழையாது. பழைய மாருதி 800 காரின் முன் இருக்கைகள் அகலத்தில் 48 செ.மீ. வந்தன. தலை சாயும் பகுதி முதுகுடன் சேர்ந்தே உயரமாக இருந்தது. ஜீப்பின் பழைய இருக்கை முதுகின் நடுவோடு நின்றுவிடும், பின்னாலிருந்து யாராவது இடித்தால் கழுத்து தாங்காது. அதனால் உயர முதுகு வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். வாங்கும்போது நான் பார்த்தவை: இருக்கையின் குழாய்ச் சட்டத்தில் வெடிப்பு இருக்கிறதா, இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் ரெயில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டுகிறதா, சாய்ப்பு நெம்புகோலின் பல் தேய்ந்திருக்கிறதா. துணி கிழிந்திருந்தால் பரவாயில்லை, ஊரில் தைத்துக்கொள்ளலாம். ஒரு ஜோடி ரெயில் ஒரு பக்கம் மட்டுமே பூட்டியது, அதை ஒதுக்கிவிட்டு வேறு ஜோடி எடுத்தேன்.

பெல்ட்டை மட்டும் பழையதாக வாங்கவில்லை. அங்கே கட்டுக்கட்டாகத் தொங்கும் பெல்ட்கள் எந்த வண்டியிலிருந்து வந்தவை, அந்த வண்டி எப்படி அங்கே வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு விபத்தில் ஆளைப் பிடித்து நிறுத்திய பெல்ட்டின் நூல் ஏற்கெனவே நீண்டிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் எண்ணும் பொறித்த சான்றுக்குறி உள்ள, தானாகச் சுருளும் மூன்று முனை பெல்ட்கள் இரண்டைப் புதிதாக வாங்கினேன்.

இருக்கையைத் தரையில் சும்மா வைத்து உட்கார்ந்து பார்த்தபோது முதல் சிக்கல் தெரிந்தது. மாருதியின் ரெயிலும் அதன் கால்களும் சேர்ந்து இருக்கையை ஏறத்தாழ 6 செ.மீ. தூக்கிவிட்டன. ஸ்டீயரிங் தொடையில் இடித்தது, தலை மேல் துணிக்கூரையின் வளைவுக் குழாயைத் தொட்டது. கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு சரியாகக் கண்ணுக்கு நேரே வந்தது, எதிரே வரும் வண்டியைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். இருக்கையின் அழுத்தத் தகட்டுக் கால்களை வெட்டி எடுத்துவிட்டு, ரெயிலை நேராகக் குறுக்குச் சட்டத்தில் உட்கார வைப்பது என்று முடிவானது.

குறுக்குச் சட்டம் 40×40 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. கனம். இருக்கைக்கு இரண்டு. ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் கதவடிச் சுவரிலும், நடுவில் தொப்பிச் சட்டத்திலும், உள்பக்கம் கியர் பெட்டி மேட்டின் அடிவாரத்திலும் பிடிக்கிறது. ஓட்டுநர் பக்கம் இதே சட்டங்கள் டேங்க் குழிக்கு மேலே பாலம் போலக் கடக்கின்றன. நான்கு போல்ட் கழற்றினால் பாலம் வெளியே வரும், டேங்க்கும் வரும்.

இதில் ஒரு நுணுக்கம். உள்ளே வெற்றான குழாயில் ஓட்டை போட்டு நேராக போல்ட்டை முறுக்கினால், முறுக்க முறுக்கக் குழாயின் சுவர்கள் உள்ளே குழியும். இறுக்கியதாகத் தோன்றும், கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். அதனால் போல்ட் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் குழாய்க்குள் ஒரு புஷ் (துளையுள்ள சிறு இரும்பு உருளை) வைத்து இரு பக்கமும் பற்றவைத்தோம். லேத் பட்டறையில் 16 மி.மீ. கம்பியைத் துளைத்து வெட்டிக் கொடுத்தார்கள். இருக்கை ரெயிலுக்கு எம்8 (8 மி.மீ.) போல்ட், சட்டத்துக்கு எம்10 போல்ட், எல்லாம் 8.8 என்ற வலிமைத் தரம். தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். எதுவும் பொறிக்காத போல்ட் ஆணிக்குச் சமம்.

பெல்ட்டின் கீழ்ப்பிடிமானங்களுக்கு வருவோம். பெல்ட்டுடன் வந்த போல்ட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. உலகம் முழுக்க சீட் பெல்ட்டுக்குப் பெரும்பாலும் இதே அளவுதான். 12 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையில் 9.9 மி.மீ. துளையிட்டு, இந்த மரையை வெட்டி, அதை 100×75 மி.மீ. அளவில் 4 மி.மீ. தகட்டுடன் பற்றவைத்து, தகட்டைத் தரைக்கு அடியில் தொப்பிச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைப்பது திட்டம். லேத்தில் வெட்டி வந்த முதல் பட்டையில் போல்ட் இரண்டு சுற்று போய் நின்றுவிட்டது. மரை கேஜ் வைத்துப் பார்த்தால் அங்குலத்துக்கு 14. பட்டறைகளில் 7/16 என்று சொன்னால் கை தானாக எடுப்பது 14 மரை டாப்பைத்தான் (மரை வெட்டும் கருவி), விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை அளவின் காலத்துப் பழக்கம் அது. அதிலேயே நெம்பி ஏற்றியிருந்தால் ஏறியும் இருக்கலாம், மரையின் பாதிப் பல்லைத் தின்றுகொண்டு. 20 மரை டாப் மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தது. அதற்கு மாற்று கிடையாது.

தகட்டின் மூலைகளை அரத்தால் ராவி வட்டமாக்கினோம். கூர்மூலைத் தகடு இழுபடும்போது தரைத்தகட்டைக் கத்திபோலக் கிழிக்கும்.

பிடிமானம் எங்கே வர வேண்டும் என்பதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். பழைய இடுப்பு பெல்ட்டின் மறுமுனை பின்சக்கர மேட்டில் மாட்டியிருந்தது, இருக்கையிலிருந்து வெகுதூரம் பின்னால். பக்கவாட்டில் பார்த்தால் பட்டை கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் வரும். அப்படி வரும் பெல்ட் மோதலின்போது இடுப்பெலும்பைப் பிடிக்காது. ஆள் அடியில் நழுவ, பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். இருக்கையில் ஆளை உட்காரவைத்து, இடுப்பெலும்பிலிருந்து தரைக்கு ஒரு கயிறு பிடித்து, பாகைமானியில் 60 வருமாறு இடத்தைக் குறித்தோம். இருக்கையை முன்னுக்கு நகர்த்தியும் பின்னுக்கு நகர்த்தியும் இதைப் பார்க்க வேண்டும். நான் பின்னுக்குத் தள்ளி உட்காருவேன், என் மனைவி முன்னுக்கு இழுத்து உட்காருவார். இரண்டு நிலையிலும் 50க்கும் 70க்கும் இடையில் விழுந்தது.

மேல்பிடிமானத்துக்கு இருக்கைக்குப் பின்னால் தனியாக ஒரு வளைவுக் குழாய் (ரோல் பார்) தேவை. இங்கேதான் வெல்டருக்கும் எனக்கும் வாக்குவாதம். “தண்ணீர்க் குழாயே போதும் தம்பி, ஊரில் எல்லா ஜீப்பிலும் அதுதான் இருக்கிறது” என்றார். “இருக்கிறது அண்ணே, ஆனால் உருண்ட வண்டியில் அது மடங்கியதையும் நாம்தானே பார்த்தோம்” என்றேன். தண்ணீர் கொண்டுபோகச் செய்த குழாயின் நீளவாக்கு வெல்டிங் பற்று, அடி தாங்குவதற்காகச் செய்ததல்ல. போதாக்குறைக்கு, துத்தநாகப் பூச்சின் மேல் பற்றவைத்தால் எழும் புகை வெல்டரின் நெஞ்சுக்கும் கெடுதல். அவர் கடைசியில் ஒப்புக்கொண்டது அந்தப் புகைக்காகத்தான். கோயம்புத்தூரிலிருந்து 50 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. கனமும் உள்ள பற்றில்லாக் குழாய் 6 மீட்டர் வரவழைத்தேன், எடை 21 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வளைப்பதை அச்சு இயந்திரம் உள்ள இடத்தில்தான் கொடுத்தோம். மணல் நிரப்பிச் சூடாக்கிக் கையால் வளைத்தால் வளைவு சீராக வரும் என்று சொல்ல முடியாது.

வளைவின் கால்கள் சக்கர மேடுகளின் மேல் நிற்கின்றன. மேடும் வெறும் தகடுதான். ஆகவே மேலே 6 மி.மீ. தகடு, அடியில் 6 மி.மீ. தகடு, நடுவில் மேட்டின் தகடு, நான்கு எம்10 போல்ட். அடித்தகட்டிலிருந்து தொப்பிச் சட்டத்துக்கு ஒரு முட்டுக்குழாய். பின்னுக்கு இரண்டு சாய்வுக் குழாய்கள் தொட்டியின் பின்மூலைகளுக்கு இறங்குகின்றன. தோள் உயரத்தில் ஒரு குறுக்குக் குழாய், அதில் பெல்ட்டின் மேல்வளையம்.

அழுந்திய மெத்தையிலிருந்து என் தோள் 61 செ.மீ., மனைவியின் தோள் 54 செ.மீ. மேல்வளையத்தை 64 செ.மீ. உயரத்தில் வைத்தோம். தோளுக்குக் கீழே வைத்தால் மோதலில் பட்டை தோளைக் கீழ்நோக்கி அழுத்தும், அந்த விசை முழுதும் முதுகுத்தண்டில் இறங்கும். தோளுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். மிக உயர்ந்தால் உயரம் குறைந்தவரின் கழுத்தை உரசும். மனைவிக்கு இன்னும் லேசாக உரசுகிறது, அவர் பக்கம் 3 செ.மீ. இறக்கி இன்னொரு துளை போடப்போகிறோம்.

சேஸிஸில் பிடிப்பதா, உடற்தொட்டியில் பிடிப்பதா என்ற கேள்விக்குப் பட்டறையில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். சேஸிஸ்தான் பலமானது என்பது உண்மை. ஆனால் தொட்டி ரப்பர் மெத்தைகளின் மேல் நிற்கிறது. இருக்கை தொட்டியிலும் பெல்ட் சேஸிஸிலும் இருந்தால், மோதலில் இரண்டும் தனித்தனியே நகரும்போது பெல்ட் ஆளை இருக்கையோடு நசுக்கும் அல்லது தளர்ந்துவிடும். இருக்கை, கீழ்ப்பிடிமானம், வளைவுக் குழாய் மூன்றும் ஒன்றாக நகர வேண்டும். அதனால் எல்லாவற்றையும் தொட்டியிலேயே பிடித்துவிட்டு, தொட்டியைச் சேஸிஸுடன் பிணைக்கும் போல்ட்களையும் ரப்பர்களையும் மொத்தமாகப் புதிதாக மாற்றினோம். ஒவ்வொன்றுக்கும் அடியில் 5 மி.மீ. கனத்தில் அகன்ற வாஷர். பழைய ரப்பர்களில் சில பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன.

எல்லாம் பூட்டி, பெயின்ட் அடித்து, பெல்ட்டை இழுத்தால் வரவில்லை. பட்டறையில் மேசை மேல் வைத்து இழுத்தபோது எளிதாக வந்த பெல்ட், வண்டியில் மாட்டியதும் பூட்டிக்கொண்டது. காரணம் சாய்வு. பெல்ட் சுருண்டுகொள்ளும் சுருள்பெட்டிக்குள் ஒரு குண்டு இருக்கிறது. வண்டி திடீரென்று நின்றாலோ சாய்ந்தாலோ அது நகர்ந்து பெல்ட்டைப் பூட்டும். ஐ.நா. விதி 16இன்படி 12 பாகை சாய்வுவரை பூட்டக் கூடாது, 27 பாகையில் கட்டாயம் பூட்ட வேண்டும். துணிக்கூரைக்கு இடம் விடுவதற்காக எங்கள் வளைவின் கால் பின்னுக்கு 14 பாகை சாய்ந்திருக்கிறது. சுருள்பெட்டியை அந்தக் காலிலேயே நேராகப் பிடித்ததால் நிற்கும் வண்டியிலேயே குண்டு நகர்ந்துவிட்டது. 5 மி.மீ. தகட்டில் ஆப்பு வடிவ பிராக்கெட் செய்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் சுருள்பெட்டியைச் செங்குத்தாக்கினோம். சமதளத்தில் இப்போது பட்டை வழுக்கிக்கொண்டு வருகிறது. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திவிட்டு பெல்ட்டை இழுத்தால் சில நேரம் பூட்டும், அது அதன் இயல்பு.

முறுக்கும்போது: பெல்ட் போல்ட்கள் 45 நியூட்டன் மீட்டர், எம்10 போல்ட்களும் 45, எம்8 போல்ட்கள் 25. டார்க் ரெஞ்சை வாடகைக்கு எடுத்தேன். பெல்ட்டின் இரும்பு நாக்கு போல்ட்டைச் சுற்றித் தாராளமாகச் சுழல வேண்டும். போல்ட்டில் அதற்கென்று ஒரு படி இருக்கிறது. கூடுதல் வாஷர் போட்டு நாக்கை நெரித்துவிட்டால் பட்டை ஒரு ஓரத்தில் மட்டும் விசை வாங்கிக் கிழியும்.

சோதனைக்குப் புதிய பெல்ட்டையே இழுத்துக் கெடுக்கக் கூடாது. பிடிமானத் துளையில் ஒரு கண் போல்ட் மாட்டி, வண்டியை ஒரு புளியமரத்தில் கட்டி, செயின் பிளாக்கால் தராசு 500 கிலோ காட்டும்வரை இழுத்து வைத்தோம். தகடு வளைகிறதா, பற்றில் கீறல் விழுகிறதா, பெயின்ட் வெடிக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. விதி கேட்கும் அளவில் இது பாதிகூட இல்லை, ஆகவே இதைச் சான்றாகச் சொல்ல மாட்டேன். மோசமான பற்று இருந்தால் இதிலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காகச் செய்தது. பிறகு காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தோம். பெல்ட் உடனே பூட்டியது, இருக்கை இம்மியும் நகரவில்லை.

செலவு ரூபாயில்: இருக்கை ஜோடி 5,500, உறை தைக்க 3,200, புதிய பெல்ட்கள் 3,800, குழாயும் தகடும் 4,600, லேத், வளைப்பு, வெல்டிங் கூலி 6,500, போல்ட்கள் 900, தரைத்தகடு 2,400, தொட்டி ரப்பர்கள் 1,400, பெயின்ட் 1,100. மொத்தம் 29,400. தரைத்தகடு நன்றாக இருந்திருந்தால் கூலியும் சேர்த்து ஆறாயிரமாவது குறைந்திருக்கும்.

மறுபடி செய்தால் வரிசையை மாற்றுவேன். வளைவுக் குழாயை வளைக்கக் கொடுப்பதற்கு முன்பே பெல்ட்டை வாங்கி, சுருள்பெட்டி எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்று பார்த்துவிட்டு, காலை அதற்கேற்ப நேராக நிறுத்துவேன். ஆப்பு பிராக்கெட்டே தேவைப்பட்டிருக்காது. மரைப் பட்டைகளைத் தனியே வெட்டாமல் 20 மரையுடன் ஆயத்தமாகக் கிடைக்கும் பெல்ட் தகடுகளை வரவழைப்பேன். தரையின் அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கும் முன் தகட்டு ஓரங்களில் சீலன்ட் விடுவேன். இப்போது மழைத்தண்ணீர் ஓரிடத்தில் தகட்டுக்கும் தரைக்கும் நடுவே புகுகிறது, கோடையில் பிரித்துச் செய்ய வேண்டும்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையை நாங்கள் மாற்றவில்லை. பின்பக்கத்து நீளப் பலகைகள் அப்படியே இருக்கின்றன. அவை பக்கவாட்டில் பார்த்து உட்காருபவை. அங்கே இடுப்பு பெல்ட் மாட்டினால் மோதலில் உடல் பக்கவாட்டில் மடங்கும். எங்கள் மாவட்டத்திலிருந்து தினமும் விடியற்காலை இடுக்கித் தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளில் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இப்படித்தான் நெருக்கியடித்து உட்கார்ந்து போகிறார்கள். இரண்டு பேருக்குச் சரியான பிடிமானம் செய்ய எனக்கு ஆன செலவையும் உழைப்பையும் பார்த்த பிறகு, அந்த வண்டிகளைக் கடக்கும்போது என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

மலையேறும்போது எங்கள் வண்டியின் பின்பலகையில் இனி சாக்கும் உரமும்தான். மூன்றாவது ஆள் வருவதாக இருந்தால் அவர் பஸ்ஸில் வருகிறார். எல்லா போல்ட்டின் தலையையும் நட்டையும் அவை உட்காரும் தகட்டோடு சேர்த்து மஞ்சள் பெயின்டால் கோடு இழுத்திருக்கிறேன், தளர்ந்தால் கோடு விலகிக் காட்டும். முதல் 500 கி.மீ. முடிந்து பார்த்ததில் இடப்பக்க இருக்கையின் முன் போல்ட் ஒன்றில் மட்டும் கோடு லேசாக விலகியிருந்தது. அதற்கு நைலான் நட்டு மாற்றியாகிவிட்டது, அடுத்த 500இல் மறுபடி பார்க்க வேண்டும்.